வன்னிக் கிளைகளுக்கு றவுட்டர் எங்கே இருக்க வேண்டும்?

றவுட்டரை, அதாவது வலையமைப்புகளுக்கு இடையில் தரவுக்கு வழிகாட்டும் கருவியை, பெட்டியாக வாங்காமல் சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளாக வைத்துக்கொள்வது இன்று புதுமை இல்லை. 2012 ஒக்ரோபரில் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில சேர்ந்து ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டன. றவுட்டருக்கு ஒரு பெட்டி, வேண்டாத தரவைத் தடுக்கும் ஃபயர்வோலுக்கு ஒரு பெட்டி, பல கணினிகள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர வைக்கும் முகவரி மாற்றத்துக்கு ஒரு பெட்டி என்று அடுக்கிக்கொண்டு போகாமல், எல்லாவற்றையும் பொதுவான சேர்வர்களில் ஓட்டுவோம் என்பது அதன் சாரம். அப்போது அது கோடிக்கணக்கில் செலவிடும் நிறுவனங்களின் பேச்சாக இருந்தது. இன்று வைஓஎஸ், எஃப்ஆர்ஆர், ஓப்பன்டபிள்யூஆர்டி, மைக்ரோடிக்கின் சிஎச்ஆர் என்று இருக்கும் றவுட்டர் மென்பொருள்களைக் கொண்டு, கையில் காசு குறைந்த ஒரு சங்கமும் அதைச் செய்யலாம்.

பெட்டிக்கு இல்லாத ஒரு கேள்வி மென்பொருளுக்கு உண்டு. பெட்டி, கம்பி வந்து சேரும் இடத்தில்தான் இருக்கும். மென்பொருள் எங்கும் இருக்கலாம். கொழும்பில் வாடகைக்கு எடுத்த சேர்வரில் ஓடலாம், கிளிநொச்சித் தலைமையகத்தின் ஓர் அறையில் ஓடலாம், மல்லாவிக் கிளையின் மேசைக்கு அடியிலும் ஓடலாம். எங்கே வைத்தால் செலவு குறையும், எங்கே வைத்தால் மாரி மழையிலும் வேலை நிற்காது என்பதைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

கணக்குக்காக ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைமையகம் கிளிநொச்சியில். கிளைகள் பரந்தன், பூநகரி, மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, நெடுங்கேணி, வவுனியா. ஆகப் பத்து இடங்கள். (மூன்று மாவட்டத்துக்கு ஒரே சங்கமா என்று கூட்டுறவுத் திணைக்களத்தார் கேட்க வேண்டாம். இது கற்பனைச் சங்கம்.) ஒவ்வோர் இடத்திலும் ஒரு கிராமிய வங்கி, ஒரு கடை, நெல் கொள்வனவுக் கணக்கு, இரண்டு மூன்று கமரா.

இந்தச் சங்கத்துக்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கிளைகளை ஒன்றோடொன்று பிணைக்கும், மறைகுறியிட்ட தனிப் பாதையான விபிஎன் ஒன்று. இணையத்துக்குப் போகும்போது முகவரி மாற்றமும் ஃபயர்வோலும் இன்னொன்று. எந்தப் பாதை உயிரோடு இருக்கிறது, யார் எங்கே இருக்கிறார் என்று எல்லாருக்கும் சொல்லும் கட்டுப்பாடு மூன்றாவது. முதல் இரண்டின் ஊடாக ஒவ்வொரு பக்கெற்றும் (தரவின் சின்னத் துண்டு) போய்த்தான் ஆக வேண்டும். மூன்றாவதன் ஊடாக எதுவும் போவதில்லை, அது வழி மட்டும் சொல்கிறது. இந்த மூன்றையும் ஒரே பொதியாகக் கட்டி எங்கே வைப்பது என்று கேட்பதால்தான் பல இடங்களில் விலை கூடிய பதில் வருகிறது.

எல்லாவற்றையும் கொழும்பில் வைத்தால்

இந்த வழிக்கு எதிராக எல்லாரும் முதலில் சொல்வது தூரம். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போய்வர நேரமெடுக்கும், வேலை மந்தமாகும் என்பார்கள். ஒளி ஃபைபருக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. கேபிளின் நீளத்தை 350 கிலோமீற்றர் என்று வைத்தால் போக 1.75 மில்லிசெக்கன், திரும்பி வர இன்னொரு 1.75. மொத்தம் 3.5 மில்லிசெக்கன். வங்கிக் காசாளருக்கோ நெல் நிறுக்கிறவருக்கோ அது தெரியவே தெரியாது. உண்மையில் உணரப்படும் தாமதம் 4ஜி அலைவரிசையின் நெரிசலிலிருந்தும் கிளையின் பழைய கணினியிலிருந்தும் வருகிறது. ஆகவே தூரத்தை ஒரு காரணமாக இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கொழும்புக்குச் சார்பான காரணங்கள் வலுவானவை. சேர்வர்களை வாடகைக்கு விடும் டேற்றா சென்ரரில் இரட்டை மின் இணைப்பு, ஜெனரேற்றர், குளிரூட்டி, இரவிலும் ஆள் எல்லாம் மாத வாடகைக்குள் அடங்கும். பொது இணைய முகவரி கிடைக்கும். இதன் மதிப்பு பின்னால் தெரியும். இணையத்துக்குப் போகும் தரவு எப்படியும் அந்தப் பக்கம்தான் போகிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றரளவுதான். ஆனால் இந்தியாவுக்கென்று 2006இல் போட்ட கடலடிக் கேபிள்கூடத் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குத்தான் வந்தது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் சீமீவீ வரிசைக் கடலடிக் கேபிள்கள் கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. வன்னியிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் பக்கெற்றுக்குக் கொழும்பு, போகும் வழியில் உள்ள ஊர். அங்கே ஃபயர்வோல் வைத்தால் சுற்றுப்பாதை எதுவும் கூடாது.

கூடுவது, கிளைக்கும் கிளைக்கும் இடையில் ஓடும் தரவுக்கு. புதுக்குடியிருப்புக் கிளை கிளிநொச்சித் தலைமையகத்துக்கு அனுப்புவது கொழும்பு வரை போய்த் திரும்பி வரும். வன்னியில் விளைந்த நெல்லை வெளி மாவட்ட ஆலைக்கு ஏற்றி அனுப்பி, அரிசியாகத் திருப்பி வாங்குவதைப் போன்ற வேலை இது.

இந்தச் சுற்றுக்கு எவ்வளவு செலவு? ஓர் இடத்துக்கு உச்ச நேரத்தில் இணையத்துக்குச் செக்கனுக்கு 20 மெகாபிற், மற்றக் கிளைகளுக்கு 5 மெகாபிற் என்று வைப்போம். பத்து இடத்துக்கும் இணையத்துக்கு 200, உள்ளுக்குள் 50. மையம், அதாவது இந்த வேலைகளைச் செய்யும் சேர்வர், வன்னிக்குள் இருந்தால் தெற்கிலிருந்து வரும் நீண்ட பாதையில் 200 போதும். மையம் கொழும்பில் இருந்தால் அந்த 50உம் ஏறி இறங்கும். இறங்கும் திசையில் 250 ஆகும். கால்பங்கு கூடுதல். ஒரு சேர்வர் அறையைக் கட்டிக் காவல் வைப்பதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

கமராப் பதிவைத் தலைமையகத்துக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகும். இடத்துக்கு இன்னொரு 15 மெகாபிற் என்றால் உள்தரவு 200 ஆகிறது. கொழும்பு மையத்துக்கு 400, வன்னி மையத்துக்கு 200. இரு மடங்கு. அதனால் இடம் பற்றிய விவாதத்துக்கு முன்னால் கமராவைப் பற்றிப் பேசுங்கள். பதிவைக் கிளையிலேயே ஒரு பெட்டியில் சேமித்து, தேவைப்படும் துண்டை மட்டும் எடுத்தால் இந்தச் செலவே வராது. வடிவமைப்பில் மணித்தியாலக் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, பாதித் தரவு தேவையில்லாத கமராப் படம் என்று கடைசியில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

கொழும்பு வழியின் உண்மையான பலவீனம் பாதை அறுவது. ஏ9 தெருவோரம் அகலிப்பு வேலையிலோ குழாய் புதைப்பிலோ ஒரு இயந்திரம் ஃபைபரை அறுத்தால், இணையம் போவதை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் பேச்சு நிற்பதை ஏன் ஏற்க வேண்டும்? இரண்டும் ஒரே தெருவில், ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. எல்லாம் கொழும்பில் என்றால் அதுவும் நிற்கும்.

சிங்கப்பூரிலோ மும்பையிலோ சேர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைகள் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பில் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் வரவுசெலவு போடும் சங்கத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம். அங்கத்தவர்களின் விவரம் தாங்கிய பதிவுகள் நாட்டுக்கு வெளியே போனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிளைக்கு ஒரு சேர்வர்

மறு முனை இது. ஒவ்வொரு கிளையும் தன் ஃபயர்வோல், தன் விபிஎன், தன் இணைய வாசல் என்று தனிக் குடும்பமாக இருக்கும். பாதை அறுந்தால் அயலவரோடு பேச்சு தொடரும், சுற்றுப்பாதை இல்லை. படத்தில் பார்க்க அழகான வழி.

விலையைச் சேர்வரின் விலையாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கரண்டைப் பாருங்கள். ஓர் இடத்தில் 120 வாற்றுச் சேர்வர் ஒன்று என்றால் பத்து இடத்துக்கு 1,200 வாற்று. வருடம் முழுக்க ஓடினால் 10,512 அலகு. அதே வேலையை 12 வாற்றுச் சின்னப் பெட்டிகள் செய்தால் ஏறத்தாழ 1,051 அலகு. பத்தில் ஒன்று.

மின்வெட்டை நினைத்தால் இடைவெளி இன்னும் கூடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அப்படியொரு காலம் திரும்பி வராது என்று நம்புவோம். ஆனாலும் 2025 பெப்ரவரியில், பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்ன அன்று, நாடு முழுவதும் இருண்டது. எட்டு மணித்தியாலத்துக்குத் தாங்க வேண்டும் என்று வைப்போம். 120 வாற்றுச் சேர்வருக்கு 960 வாற்று மணி வேண்டும். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஒன்றில் பெயரளவுக்கு 1,200 இருக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே கைக்கு வருவது 600. இன்வேர்ட்டரின் இழப்பும் சேர்ந்தால் இரண்டு பற்றரி மட்டுமட்டு. பத்து இடத்துக்கு இருபது பற்றரி, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சேர்வரை விடப் பற்றரிக்குத்தான் காசு போகும்.

12 வாற்றுப் பெட்டிக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 96 வாற்று மணி. 12 வோல்ற்று, 20 அம்பியர் மணியுள்ள சின்னப் பற்றரி போதும். இன்வேர்ட்டரே வேண்டாம். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவையும் ஃபைபர் மோடமும் 12 வோல்ற்றில் நேரடியாக ஓடுகின்றன. நூறு வாற்றுச் சூரியத் தகடு ஒன்றைப் போட்டால் வன்னி வெயிலில் பகலில் மின்சார சபையை மறந்துவிடலாம். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடிக் கிடக்கும்போது மட்டும் அந்தத் தகட்டை நம்ப முடியாது.

இங்கே வேகம் பற்றிய ஒரு பயத்தையும் தீர்த்துவிட வேண்டும். சின்னப் பெட்டி தாங்குமா என்று கேட்பார்கள். மென்பொருள் றவுட்டரின் கடினமான பரீட்சை 10 கிகாபிற் இணைப்பில் 64 பைற் பக்கெற்றுகள் நிறைந்து வருவது. செக்கனுக்கு 1 கோடி 48 இலட்சத்து 80 ஆயிரம். ஒரு பக்கெற்றுக்கு 67 நானோசெக்கன்தான் கிடைக்கும், 3 கிகாஹேர்ட்ஸ் கோர் (செயலியின் ஓர் அலகு) ஒன்றுக்கு அது 200 துடிப்பு. அதற்காகத்தான் டிபிடிகே போன்ற வழிகள் வந்தன. அவை லினக்ஸ் இயங்குதளத்தின் வழமையான பாதையைத் தாண்டி, கோர் ஒன்றைப் பக்கெற் வருகிறதா வருகிறதா என்று ஓயாமல் பார்க்க வைக்கின்றன. பக்கெற் வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் நூறு வீதம் ஓடும், சூடாகும், கரண்ட் குடிக்கும். நமது சங்கம் முழுவதும் சேர்ந்து 500 மெகாபிற் என்றாலும், பக்கெற்றுக்குச் சராசரி 500 பைற் என்று வைத்தால் செக்கனுக்கு 1,25,000 பக்கெற்தான். வழமையான லினக்ஸ் பாதைக்கு அது பெரிய சுமை இல்லை. தேவையில்லாத வேகத்தை விற்பவரிடம் வாங்கி, அதற்கு மாதாமாதம் மின்சாரப் பில்லும் கட்டாதீர்கள்.

கிளைவழியின் மீதிச் செலவு ஆள். பத்து இடத்தில் பத்து அமைப்பு, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கைவைத்து மாற்றிய ஒரு வரி. ஒரு வருடத்தில் எதுவும் எதோடும் பொருந்தாது. வணிக உரிமம் வாங்கினால் அதுவும் பத்தால் பெருகும். பூநகரியில் பழுதென்றால் கிளிநொச்சியிலிருந்து ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் போய்வர அரை நாள் போய்விடும்.

நடுவில் ஒரு மையம்: வவுனியாவா, கிளிநொச்சியா?

பேசிப் பார்த்தால் பலர் வவுனியா என்பார்கள். காரணம் விளங்குகிறது. தெற்கின் வாசல், ஆளும் கடையும் உள்ள நகரம், மன்னார்ப் பக்கமும் ஹொரவப்பொத்தானைப் பக்கமும் தெருக்கள் பிரிகின்றன. 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. உதிரிப்பாகம் அநுராதபுரத்திலிருந்து அன்றே வரும்.

நான் கிளிநொச்சியைச் சொல்வேன். வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பரந்தனிலிருந்து ஏ35 புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவு போகிறது. முல்லைத்தீவிலிருந்து ஏ34 ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளம் வருகிறது. மாங்குளத்திலிருந்து ஏ9 கிளிநொச்சி ஊடாகப் பரந்தன் சேர்கிறது. ஒரு முழு வட்டம். நமது பத்து இடங்களில் ஆறு அந்த வட்டத்தின் மேலேயே இருக்கின்றன, கிளிநொச்சியும் அதில் ஒன்று. வட்டத்தில் ஒரு இடத்தில் அறுந்தால் மறுபக்கத்தால் சுற்றி வரலாம். வவுனியா அந்த வட்டத்துக்கு வெளியே, தெற்கே தொங்கும் வாலின் நுனியில் இருக்கிறது. மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஒரு வெட்டு விழுந்தால், வட்டத்திலுள்ள எல்லாக் கிளையும் மையத்தை இழந்துவிடும்.

மேற்கிலும் ஒரு வழி உண்டு. பூநகரியிலிருந்து ஏ32 மன்னார்ப் பக்கம் இறங்குகிறது, அங்கிருந்து ஏ14 மதவாச்சி போகிறது. ஏ9இன் வன்னிப் பகுதியைத் தொடாமலே தெற்குக்குப் போகலாம். இதெல்லாம் தெருவின் வரைபடம். கேபிள் பெரும்பாலும் தெருவோடுதான் போகும், ஆனால் உங்கள் சேவை வழங்குநரின் கேபிளும் வட்டமாக மூடியிருக்கிறதா என்பதை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது. "மாற்றுப் பாதை உண்டு" என்று அவர் சொல்லும்போது, அது ஒரே குழிக்குள் கிடக்கும் இரண்டாவது கேபிளாகவும் இருக்கலாம்.

கிளிநொச்சிக்குச் சொந்தமான ஒரு கவலை வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது தாழ்நிலங்களுக்கு என்ன நடந்தது என்பது மறந்திருக்காது. சேர்வர் அறை மேல்மாடியில் இருக்க வேண்டும், அல்லது சேர்வர்களை அடுக்கும் ராக்கின் கீழ்த்தட்டுகள் காலியாக இருக்க வேண்டும். ஆள்பலத்துக்கு அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. படித்து முடிப்பவர்களில் எத்தனை பேர் இங்கே நிற்பார்கள் என்பது வேறு கதை.

மைய வழிக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. கிளைகளின் உச்ச நேரங்கள் ஒன்றாக வருவதில்லை, ஆகவே எல்லா உச்சங்களையும் கூட்டிய அளவுக்கு மையத்தில் சேர்வர் வலு வேண்டாம். நகரத்தில் இது சரி. வன்னியில் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை எல்லா ஊரிலும் ஒன்றாக வருகிறது. நெல் கொள்வனவு, காசு வழங்கல், கடன் அறவிடல் எல்லாம் பத்து இடத்திலும் அதே வாரங்களில் நடக்கும். பாடப்புத்தகம் சேமித்துத் தரும் என்று சொன்ன பங்கு, மிகத் தேவையான நாட்களில் காணாமல் போகும். மையத்தை அறுவடை வாரத்துக்கு அளந்து வாங்குங்கள், வருடச் சராசரிக்கு அல்ல.

மையத்தில் ஒரு சேர்வர் போதாது, இரண்டு வேண்டும். முகவரி மாற்றம் செய்கிற சேர்வர் ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்திருக்கிறது. அது விழுந்தால் அந்த நினைவும் போய், நடந்துகொண்டிருந்த எல்லா இணைப்பும் அறும். இரண்டாவது சேர்வர் அந்த நினைவை உடனுக்குடன் பகிர்ந்து வைத்திருந்தால் பயனாளருக்குத் தெரியாமல் கைமாறும்.

சேவை வழங்குநரின் கொழும்பு

இந்த ஒப்பீட்டில் பலர் கவனிக்காத இடம் இது. கிளைக்கு 4ஜி இணைப்பு வைத்திருக்கிறீர்கள், மையத்துக்கும் அதே நிறுவனத்தின் ஃபைபர். மையத்தைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்துவிட்டதால் தரவு இங்கேயே நிற்கும் என்று நினைக்கிறீர்கள். கைபேசி வலையமைப்பில் உங்கள் பக்கெற், ஐபி உலகத்துக்குள் நுழைவது ரவரில் இல்லை, அந்த நிறுவனத்தின் பக்கெற் நுழைவாயிலில். அந்த நுழைவாயில் கொழும்பில் இருந்தால், ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பக்கெற் உங்கள் அனுமதி கேட்காமலே கொழும்புக்குப் போய்த் திரும்பும். ஃபைபர் வீட்டிணைப்புகளிலும் இதே கதை நடக்கலாம். உள்ளூர் மையத்துக்குச் செலவழித்த காசு வீணாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. இரண்டு கிளைக்கு இடையில் ஒரு டிரேஸ்றூட் (பக்கெற் போகும் வழியைக் காட்டும் சின்னக் கட்டளை) ஓட்டி, நேரத்தையும் இடையில் வரும் பெயர்களையும் பாருங்கள். சுற்றி வருகிறது என்று தெரிந்தால், நிறுவனத்திடம் கிளைகளை வடக்குக்குள்ளேயே பிணைக்கும் தனியார் இணைப்பு கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் உள்ளூர் மையத்துக்காக நான் மேலே சொன்ன காரணங்களில் பாதி செல்லாது. அப்போது கொழும்பில் வாடகைக்கு எடுப்பதே மலிவு.

இன்னொரு சிக்கல்: கைபேசி இணைப்பிலும் செய்மதி இணையமான ஸ்டார்லிங்கின் சாதாரண இணைப்பிலும் கிளைக்குப் பெரும்பாலும் பொது முகவரி கிடைப்பதில்லை, ஆயிரக்கணக்கானோர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து கிளையைத் தேடி வர முடியாது, கிளைதான் வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதற்குப் பொது முகவரியுள்ள ஒரு கதவு எங்காவது நிலையாக இருக்க வேண்டும். அதற்குக் கொழும்பு டேற்றா சென்ரரை விட நல்ல இடம் இல்லை.

பிரித்து வைத்தல்

நான் தெரிவு செய்யும் வழி இதுதான். ஃபைபர் மோடத்துக்குப் பின்னால் கிளையில் ஏதோ ஒரு பெட்டி இருந்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் மையத்துக்குக் கொண்டுபோகும் படங்களில் இந்தப் பெட்டி மாயமாய் மறைந்துவிடும், மேசையில் மறையாது. எப்படியும் கரண்ட் குடிக்கும் அந்தப் பெட்டிக்குள் விபிஎன்னையும் கிளைக்குரிய அடிப்படை ஃபயர்வோலையும் வைத்தால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே வந்துவிட்டது, ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் பெட்டிகளில் அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை. கிளைக்கும் கிளைக்கும் இடையிலான தரவு நேரடியாகப் போகட்டும்.

கட்டுப்பாடு கொழும்பில். ஒரு சின்ன மெய்நிகர் சேர்வர் போதும். யாருடைய விபிஎன் சாவி எது, எந்தக் கிளை இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அது எல்லாருக்கும் சொல்லும். பக்கெற் அதன் ஊடாகப் போவதில்லை, ஆகவே அங்கே தரவுக்கான செலவும் இல்லை. பாதை அறுந்தால் கிளைகள் கடைசியாகக் கேட்டதை வைத்துத் தொடர்ந்து ஓடும். புதிய மாற்றம் மட்டும் காத்திருக்கும். இரண்டு கிளையும் முகவரி பகிர்வுக்குப் பின்னால் இருந்து நேரடி இணைப்பு கூடிவராதபோது, கொழும்புச் சேர்வரே இடைத்தரகராக நிற்கலாம். அந்தக் கிளைகளுக்கு மட்டும் சுற்றுப்பாதைச் செலவு.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. கைபேசி வலையமைப்புத் தரத்தின் 14ஆம் வெளியீட்டில் நுழைவாயிலின் கட்டுப்பாட்டையும் தரவுப் பாதையையும் பிரித்தார்கள். 2020இல் அகன்ற அலைவரிசை மன்றத்தின் டிஆர்-459 என்ற ஆவணம் நிலையான இணைப்புகளின் நுழைவாயிலுக்கும் அதையே செய்தது.

இணையத்துக்கான முழு ஃபயர்வோலும் பதிவுகளும் எங்கே என்பதுதான் மீதிக் கேள்வி. இணையத் தரவு எப்படியும் கொழும்பு போவதால், அதைத் தொடக்கத்தில் கொழும்பிலேயே வைக்கலாம். கிளிநொச்சியில் இரட்டைச் சேர்வர் அறையை இப்போதே கட்ட வேண்டாம். கட்டுவதென்றால், தனியார் இணைப்பு வடக்குக்குள் கிடைத்து, உள்தரவு இணையத் தரவின் பாதியைத் தாண்டும் நாளில் கட்டுங்கள்.

என் தெரிவை நம்பாதவர்கள் கணக்கைத் தாங்களே போடலாம். சேர்வர் வைக்கக்கூடிய இடங்கள் பத்தும் கொழும்பும் சேர்த்துப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் வைப்பது, வைக்காமல் விடுவது என்று இரண்டு தெரிவு. எங்கேயும் வைக்காததைக் கழித்தால் 2,047 வழிகள். நூற்றுக்கணக்கான இடங்களுள்ள நிறுவனத்துக்கு இது எண்ணி முடியாத கடலாகிவிடும், அதனால்தான் அவர்கள் கிட்டத்தட்டச் சரியான விடையைத் தேடும் உத்திகளுக்கு ஆய்வாளர்களை வைத்திருக்கிறார்கள். 2,047 வரிகள் ஒரு எக்செல் தாளுக்குள் அடங்கும். ஒவ்வொரு வரிக்கும் சேர்வர், கரண்ட், பற்றரி, இணைப்பு வாடகை, ஆள்கூலி ஆகியவற்றைக் கூட்டி, ஏ9 மூன்று நாள் அறுந்தால் எத்தனை கிளை நிற்கும் என்று ஒரு நிரலும் சேருங்கள். அந்தக் கடைசி நிரல் இல்லாமல் வரிசைப்படுத்தினால் கொழும்பு வெல்லும், அதைச் சேர்த்தால் பிரித்து வைக்கும் வழிகள் மேலே ஏறும்.

செய்யத் தொடங்குபவர்களுக்கு நடைமுறையில் சில. எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கி, ஒன்று கூடுதலாகக் கிளிநொச்சி அலுமாரியில் வையுங்கள். அமைப்பு ஒரே இடத்திலிருந்து இறங்க வேண்டும், கிளையில் யாரும் கைவைக்கக் கூடாது. தூரத்திலிருந்து மாற்றும்போது, சில நிமிடத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். வைஓஎஸ்ஸில் கொமிற் கொன்ஃபேம் என்று அது உண்டு. மைக்ரோடிக்கின் சேஃப் மோட், மாற்றுபவரின் இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் திருப்பிவிடும். இவை இல்லாமல் மல்லாவியின் றவுட்டரை இரவில் மாற்றிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டால், காலையில் மழைக்குள் போக வேண்டியவர் நீங்கள்தான். ஐப்பசி இடிமின்னலுக்கு முன்னால் நில இணைப்பைச் சரிபாருங்கள். வெளியிலிருந்து வருவது ஃபைபராக இருந்தாலும் மின்கம்பி வழியாக மின்னல் உள்ளே வரும்.

2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கும் ஸ்டார்லிங்கை முல்லைத்தீவில் ஒன்றும் கிளிநொச்சியில் ஒன்றும் மாற்று வழியாக வைக்கலாம், அது ஏ9ஐத் தொடுவதில்லை. ஆனால் அதன் தட்டு கிளைப் பெட்டியை விடப் பல மடங்கு கரண்ட் குடிக்கும், பற்றரிக் கணக்கை அந்த இரண்டு இடத்துக்கும் தனியாகப் போட வேண்டும். கொழும்புச் சேர்வருக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் விலை குறைத்துத் தருவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்து வைக்காதீர்கள். முதல் அறுவடைக் காலத்தில் உண்மையான தரவு அளவு தெரிந்த பிறகு எக்செல் தாளைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.